ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

புத்தளத்துப் பெரியாஸ்பத்திரியில், கிளினிக் நர்ஸ் மிஸ்ஸின் மேசைமேல் அம்மா ஒரு பால்மா டின்னை வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்தால், உள்ளே முத்துக் கிடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். டின்னின் அடி தெரியாத அளவுக்கு வெள்ளைக் குளிசைகள், தங்கச்சியின் வலிப்பு மருந்து.

"இந்தாங்க மிஸ். வீணாக்காம மிச்சம் பிடிச்சு வச்சிருக்கன். இந்த மாசம் குறைச்சுத் தந்தாக் காணும். இல்லாத புள்ளையளுக்குக் குடுங்க."

மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. டின்னைப் பார்த்தார். என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சி அனிற்றாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வெள்ளைச் சீருடையில், கழுத்துப் பட்டியும் கட்டி, நிமிர்ந்து இருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் கிளினிக்குக்கு அப்படித்தான் போவேன். இந்தக் குடும்பத்தில் படித்த ஆள் ஒன்று இருக்கிறது என்பது வாசலிலேயே தெரிய வேண்டும் அல்லவா?

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடுக்கிறீங்க?" என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

"காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒரு நாளும் தவறாமல்" என்றேன், என் சிங்களத்தில் எனக்கிருந்த பெருமையுடன்.

"தவறாமல் குடுத்தால் எப்படி மிஞ்சும்?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பதில் அம்மாவிடம் இருந்தது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இதை எழுதலாமா என்று போன கிழமை அனிற்றாவிடமே கேட்டேன். "எழுதுங்க அக்கா. எனக்கும் ஞாபகத்துக்கு உதவும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆகவே எழுதுகிறேன்.

மணிக்கூடு இல்லாத வீடு

எங்கள் வீடு மாம்புரிக்கு அங்கால், கடல் இரைச்சல் சமையலறைக்குள் கேட்கிற தூரத்தில். நாட்டுச் சண்டை முடிந்து, கடலுக்குப் போக அப்பாவிடம் நேவிக்காரர் பாஸ் கேட்பதை நிறுத்தியிருந்த காலம். கரையோரம் மின்சாரக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அப்பா பின்னேரம் வள்ளத்தை இறக்குவார். விடிந்து, வெயில் தென்னைகளின் கழுத்துக்கு வரும்போது கரைக்கு வருவார்.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா வானத்தை வாசிப்பார், தண்ணீரின் நிறத்தை வாசிப்பார். எழுத்து என்றால் பெருவிரலை நீட்டுவார். அம்மாவும் அப்படித்தான். என் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இயேசுவின் திரு இருதயப் படம் தொங்குகிற அதே ஆணியில் அப்பா மாட்டினார். செபம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே கும்பிட்டோம்.

அனிற்றா எனக்கு ஏழு வயது இளையவள். ஐந்து வயதில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. முற்றத்தில் சாளை காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கண் மேலே செருகி, ஒரு பக்கமாக விழுந்தாள். அம்மா போட்ட சத்தத்துக்கு மூன்று வீடு ஓடி வந்தது.

வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பெரியம்மா அந்தோனியார் கோயில் எண்ணெய் கொண்டு வந்தார். பின்வளவில் மிளகாய்த் தோட்டம் செய்கிற முஸ்லிம் வீட்டிலிருந்து ஓதின தண்ணீர் வந்தது. அப்பாவோடு தொழில் செய்கிறவர் முன்னேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போய் நூல் கொண்டு வந்து கட்டினார். மூன்று சமயமும் என் தங்கச்சியின் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருந்தன. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் வலிப்பு நிற்கவில்லை. பிறகுதான் ஆஸ்பத்திரி.

"காலையும் மாலையும், தினமும் ஒரே நேரத்தில்" என்று டொக்டர் குளிசை எழுதினார். பஸ்ஸில் வரும்போதே அம்மா கேட்டார்:

"ஒரே நேரம் எண்டா எத்தின மணி மகள்? எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. வீட்டிலிருந்த ஒரே ஃபோன் இரட்டைப் பொலித்தீன் பையில் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். சுவர் மணிக்கூடு உப்புக்காற்றில் செத்து, பத்தேகாலில் நின்றுபோயிருந்தது. நான் விடியற்காலை பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

நான் யோசித்தேன். படித்தவள் யோசித்தால் சும்மாவா?

"அம்மா, அப்பாட வள்ளம் கரைக்கு வந்தோண்ண ஒண்டு குடுங்க. வள்ளம் கடலுக்குப் போனோண்ண ஒண்டு குடுங்க. மணிக்கூடு தேவையில்ல."

அம்மா என் கன்னத்தைத் தடவி முத்தமிட்டார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!"

அன்றிரவு எனக்குப் பொரித்த மீனில் நடுத்துண்டு கிடைத்தது.

மூன்று வருடம், ஒரு சட்டை

அனிற்றாவின் முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்தது அவளுக்கு எட்டு வயதில். எங்கள் ஊரில் அந்த நாள் ஒரு சின்னக் கல்யாணம். வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. பிள்ளை முதல் தடவையாக நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும். ஆனால் அதற்கு முன் பங்குக் குருவான சுவாமியின் முன்னால் நின்று மந்திரங்களைப் பாடமாகச் சொல்ல வேண்டும். விசுவாசப் பிரமாணம்தான் நீளம். அதைப் பன்னிரண்டு வரியாகப் பிரித்துத்தான் ரீச்சர் சொல்லிக்கொடுப்பார்.

முதல் வருடம் அனிற்றா மூன்றாம் வரியில் நின்றாள். சட்டை அலுமாரிக்குள் போனது.

இரண்டாம் வருடம் இரண்டாம் வரியில் நின்றாள். அம்மா சட்டையின் கீழ் மடிப்பை அவிழ்த்து இறக்கித் தைத்து, மறுபடியும் அலுமாரிக்குள் வைத்தார்.

மறதி என்றால் சாதாரண மறதி இல்லை. தேங்காயெண்ணெய் வாங்கப் போனால் உப்போடு வருவாள். கடைக்காரர் சொன்ன பகிடியைக் காலையில் சொல்லிச் சிரிப்பாள்; பின்னேரம் அதே பகிடியைப் புதிதாகச் சொல்லி, காலையை விட அதிகமாகச் சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நாங்களும் இரண்டாம் தரம் சிரிப்போம். அதெல்லாம் சந்தோசம்தான். ஆனால் பாடப் புத்தகம் எடுத்தால் சந்தோசம் முடிந்துவிடும்.

நான் அவளுக்கு வாத்தியாரானேன். அறிந்த ஒரே வழியில் படிப்பித்தேன்: நிற்கவைத்து, சத்தமாகச் சொல்லவைத்து, மறந்த வரிக்குக் கைச்சதையில் ஒரு நுள்ளு. "உனக்குக் கவனம் இல்ல. விளையாட்டுப் புத்தி" என்று ஏசினேன். அந்த நுள்ளுகள் ஒன்றும் இன்று அவளுக்கு ஞாபகமில்லை. எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம்.

இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு வலிப்பு வந்தால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். ஒரு தரம் பூசை நடுவில் வந்தது. இன்னொரு தரம், பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பில் கதிரையோடு விழுந்தாள். வீட்டுக்குத் தூக்கி வந்தால் பொழுதுபடும் வரை தூங்குவாள். எழும்பினால் அன்று படித்தது ஒன்றும் இருக்காது.

குழாயடியில் கதை தொடங்கியது. "கோயிலுக்குள்ள வந்தாத்தான் அந்தப் புள்ளைக்கு வருது, கவனிச்சீங்களா?" அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. பேய் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைத்தான் அம்மா வீட்டுக்கு வந்து அழுதார்.

தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிழமை நாட்களிலும் வந்தது. "காத்துத்தான் கொண்டு வருது" என்றார் பெரியம்மா. காற்று அடித்தால் அம்மா யன்னல்களைச் சாத்தி, அனிற்றாவின் காதுக்குள் பஞ்சு வைப்பார்.

மூன்றாம் வருடம் பிறந்ததும் அனிற்றா சொன்னாள்:

"என்ட வகுப்புப் புள்ளையள் எல்லாம் நன்மை எடுத்திட்டாங்க. இந்த முறையும் இல்லாட்டி நான் இனிக் கோயிலுக்கே வரமாட்டன்."

பத்து வயதுப் பிள்ளை. அழாமல் சொன்னாள். மறக்கிற பிள்ளைதான், ஆனால் அதை அவள் மறக்கமாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

வருத்தமும் பூசைக்குப் போகுமா?

இனி மிஸ்ஸின் மேசைக்குத் திரும்பலாம். குளிசை எப்படி மிஞ்சியது?

அம்மா என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"சனி பின்னேரம் நாங்க கடலுக்குப் போறதில்ல மிஸ். ஞாயிறு ஆண்டவர்ட நாள். அண்டு பின்னேரம் வரைக்கும் வள்ளம் போறல்ல, வாறல்ல. வள்ளம் இல்லாட்டி குளிசை இல்ல. கச்சான் நேரத்தில கடல் பொல்லாதது, ஒரேயடியா மூணு நாலு நாள் போகமாட்டாங்க. அப்ப நல்லா மிஞ்சும்."

நான் அதை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். காதுக்குள் கடல் இரைந்தது.

சனி பின்னேரம் ஒன்று. ஞாயிறு காலை ஒன்று. அதனால்தான் பூசையில் வந்தது. பேயுமில்லை, காற்றுமில்லை. காற்று வள்ளத்தை நிறுத்தியது. வள்ளம் நின்றதும் குளிசை நின்றது. அதை நிறுத்தியது என் புத்திசாலித்தனம்.

மிஸ்ஸுக்கு விளங்க இரண்டு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "ஐயோ அம்மே! வலிப்பு வருத்தமும் உங்களோட பூசைக்குப் போய் ஓய்வெடுக்கும் எண்டா நினைச்சீங்க?" என்று கேட்டு, டின்னோடு எங்களை டொக்டரிடம் கூட்டிப் போனார்.

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பி, பெரிய ஆளோடு கதைப்பதுபோல் கதைத்தார். வலிப்பு வரும்போதும் வந்த பிறகும் மூளை நடப்பதைப் பதிந்துகொள்ளாது. அதனால்தான் அந்த நாளின் பாடம் கரைந்துபோகிறது. வலிப்பு இல்லாத நாளிலும் இந்த வருத்தம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஞாபகம் பிடிப்பது கஷ்டம். குளிசையும் சிலருக்கு மந்தம் தரலாம்; அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது, வந்து சொல்ல வேண்டும்.

"இது சோம்பல் இல்லை" என்றார் கடைசியில். "அவள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடப் பாடுபடுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக, கையால் தொட்டுப் பார்த்து, கண்ணால் பார்த்துப் படிக்க விடுங்கள்."

இதை அம்மாவுக்குச் சொல்லும்போது நுள்ளின விரல்களைச் சீருடைப் பாவாடையின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நான் அழுதேன். அம்மாவுக்கு விளங்கவில்லை.

"ஏன் மகள் அழுறாய்? ஏன் வருது எண்டு இப்பத் தெரிஞ்சுட்டே! பேயில்ல எண்டு தெரிஞ்சுட்டே! நான் குழாயடியில போய்ச் சொல்லப் போறன், எல்லாருக்கும் கேக்கச் சொல்லப் போறன்."

சொன்னார். அன்று பின்னேரமே வாளியும் இல்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கரையில் நின்ற வள்ளம்

அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்குவோம் என்றேன் நான். அப்பா தலையாட்டினார். "மணிக்கூடு உப்புக்குச் சாகும். உன்ட வழி நல்ல வழிதான். ரெண்டு நேரம் வள்ளம் குறையுது. அவ்வளவுதானே?"

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வீட்டுப் பக்கம் திரும்பி, வாயில் இரண்டு கையையும் குவித்துக் கத்தினார்:

"வள்ளம் போயிட்டூ!"

அம்மா குளிசையைக் கொடுத்தார். மறுநாள் காலை, பூசைச் சட்டை போட்டபடி மறுபடியும் போனார். தட்டினார். "வள்ளம் வந்திட்டூ!" அம்மா கொடுத்தார்.

முதல் கிழமை அயலவர்கள் அப்பாவுக்குக் கள் ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். மூன்றாம் கிழமை, கரையில் சீட்டு விளையாடும் பெடியன்கள் அவருக்கு முன்பே கத்தத் தொடங்கினார்கள். கச்சான் காலத்தில் வள்ளம் ஒரு கிழமை கட்டிக் கிடந்தபோதும் எங்கள் வீட்டில் அது நாள் தவறாமல் போய் வந்தது.

வலிப்பு முழுதாக நிற்கவில்லை. ஆனால் குறைந்தது. ஞாயிறுகள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

மறதி மட்டும் போகவில்லை. நான் நிற்கவைப்பதை நிறுத்தினேன், நுள்ளுவதை நிறுத்தினேன். ஆனாலும் நாலாம் வரிக்கு மேல் ஏறவில்லை.

யாருடைய செருப்பு

ஒரு காலை வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் வலையின் மேல்கயிற்று மிதப்புகள் பழைய இறப்பர் செருப்பை வெட்டிச் செய்தவை. வீட்டில் யாருடைய செருப்பு அறுந்தாலும் அப்பாவிடம் போகும்; அவர் வட்டமாக வெட்டித் துளைத்துக் கயிற்றில் கோர்த்துவிடுவார்.

"முந்தநாள் கிழிஞ்ச இடம் எங்க? பொத்தாம விட்டிட்டன்" என்று அப்பா தேடினார்.

அனிற்றா தலை நிமிராமல் சொன்னாள். "பெரியம்மாட நீலச் செருப்பில இருந்து ரெண்டு தள்ளி. அக்காட பள்ளிக்கூடச் செருப்புக்குக் கிட்ட."

அங்கேதான் இருந்தது.

நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். "இது யாருட?" "அம்மாட. குழாயடியில வழுக்கி அறுந்தது." "இது?" "அப்பாட வலது கால். இடது கால் கடலோட போயிட்டு." ஒன்று தவறவில்லை. கையால் தொட்டதும் கண்ணால் பார்த்ததும் அவளிடம் தங்கியிருந்தன. டொக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய மேல்கயிற்றில் ஒரு முழத்துண்டு வெட்டி, பன்னிரண்டு மிதப்புக் கோர்த்தோம். வானமும் பூமியும் படைத்த வரிக்குப் பெரியம்மாவின் நீலம். மாதாவின் வரிக்கு அம்மாவின் வெள்ளை. தீர்ப்பு வரிக்கு அப்பாவின் கறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு மிதப்பு. மறந்தால் மறுநாளும் அதே மிதப்பு. ஏசல் இல்லை. சில வரிக்கு ஒரு கிழமை எடுத்தது. ஏழாம் வரிக்கு இரண்டு கிழமை.

முடிந்த அன்று அனிற்றா தானாகவே ஒரு சின்ன ரோசா நிற மிதப்பைக் கடைசியில் கோர்த்தாள். அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட செருப்பு.

சுவாமி கேட்ட கேள்வி

பரீட்சை நாளன்று கோயில் மண்டபம் முழுக்க மீன் மணந்தது. கயிற்றைச் சவர்க்காரம் போட்டு நாலு தரம் கழுவியும் போகவில்லை.

மறைக்கல்வி ரீச்சர் நல்லவர். ஆனால் அவருக்குச் சட்டம் சட்டம்தான். "இது பாத்துச் சொல்ற மாதிரித்தானே சுவாமி? மத்தப் புள்ளையள் கையில ஒண்டும் இல்லாமச் சொல்லுதுகள்" என்றார்.

சுவாமி கயிற்றைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார்.

"உங்கட கையில இருக்கிறது என்ன ரீச்சர்?"

"செபமாலை சுவாமி."

"அதில எழுத்து இருக்கா?"

ரீச்சர் தன் செபமாலையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

அனிற்றா தொடங்கினாள். நீலம், பச்சை, வெள்ளை... ஆறு மிதப்பு ஓடியது. ஏழாவதில் நின்றாள். அம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். என் உதடு அந்த வரியைச் சொல்லத் துடித்தது, கடித்துப் பிடித்தேன்.

அனிற்றா மிதப்பைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பினாள். "அப்பாட வலது கால்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகு ஏழாம் வரி வந்தது. அதன் பின்னால் எட்டும் ஒன்பதும், வலை இழுத்தால் வருவதுபோல் வந்தன. பன்னிரண்டில் முடித்து, ஆமென் என்றாள், கரைக்கே கேட்க.

"இன்னும் ஒண்டு இருக்கே, இது என்ன வரி?" என்று சுவாமி ரோசா மிதப்பைத் தொட்டார்.

"அது வரி இல்ல சுவாமி. குளிசை."

அம்மா அந்த இடைவெளியில் தன் கவலையைக் கேட்டுவிட்டார். "நன்மை எடுக்க முந்தி வாயில ஒண்டும் வைக்கக் கூடாதே சுவாமி. அண்டைக்கு மட்டும் குளிசைய விடட்டா?"

"விடவே கூடாது. மருந்தும் தண்ணியும் நோன்பை முறிக்காது."

அந்த ஞாயிறு

வெள்ளைச் சட்டையின் மடிப்பை இரண்டாம் தரமும் இறக்கி, கீழே ஒரு சாண் சரிகைத்துணி வைத்துத் தைத்திருந்தார் அம்மா. பழைய மடிப்புகள் இரண்டும் கோடாகத் தெரிந்தன.

அன்று காலை வீட்டில் யாரும் தரையில் நடக்கவில்லை, ஓடினோம். அம்மா சோற்றுக்கு அரிசி களைந்தார். அப்பா கோயில் முற்றத்தில் கதிரை அடுக்கப் போய்விட்டார். நான் என் முதல் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். முதல் மணி அடித்தாயிற்று. அனிற்றாதான் எல்லோரிலும் உயரம். ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையில், பூச்செண்டின் கீழே ஒளித்து, கயிறு. அவள் விரல் மிதப்புகளில் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடைசி ரோசா மிதப்பில் நின்றது.

வரிசையைவிட்டு விலகி, என்னைத் தேடித் திரும்பினாள்.

"அக்கா, இண்டைக்கு வள்ளம் இன்னும் வரல்ல."

படித்த நான் மறந்திருந்தேன். அம்மா மறந்திருந்தார். அப்பா கரைப்பக்கமே போகவில்லை. எங்கள் வீட்டில் ஞாபகம் வைத்திருந்தது ஒரேயொரு ஆள்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் வீட்டுக்கு ஓடினேன். போகும் வழியில் அப்பாவின் காதுக்குள் சொன்னேன். குளிசையும் ஒரு போத்தல் தண்ணீருமாக நான் மூச்சிரைக்கத் திரும்பியபோது இரண்டாம் மணி அடிக்கவில்லை. வாசலில் நின்ற சுவாமி, மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவருக்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொல்லியிருந்தார்.

அப்பா புதுச் சட்டையோடு ஒரு கதிரைமேல் ஏறி நின்று, வாயில் இரண்டு கையையும் குவித்தார்.

"வள்ளம் வந்திட்டூ!"

ஊர் முழுக்கக் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக் கடலில் ஒரு வள்ளமும் இல்லை. அனிற்றா வாயைத் திறந்தாள்.